துப்பாத ஒரு மடக்கு

பகலவன் குடிக்க மாட்டான். வடக்கனந்தலை ஒட்டினாற்போல் இருக்கும் காலனியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வார்கள். ஏனென்றால் அந்தக் குடிக்காத மனிதன் பார்க்கும் வேலை அப்படி. பெங்களூரில் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிறான். ஒயின் தயாரிக்கும் சின்னச் சின்னத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் சுவைத்துப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் பிழைப்பு. லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் யாராவது, "இன்னா பகலவா, ஊரயெல்லாம் குடிக்க வெச்சிட்டு நீ மட்டும் டீ குடிச்சிக்கினு கீற?" என்று ஆரம்பிப்பார்கள். அவனும், "ஆமாண்ணா, சக்கர கம்மியா ஒண்ணு போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான்.

குடிக்காததற்குக் காரணம் அவன் அப்பா சின்னக்கண்ணு. நல்ல உழைப்பாளி, நல்ல மனுஷன், சாராயம் மட்டும் அவரை விடவில்லை. அவர் உட்கார்ந்து குடித்ததை யாரும் பார்த்ததில்லை. பம்புசெட்டுக்குப் பின்னால் மறைந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் குடிக்கிற பிள்ளையைப் போல ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வருவார். கடைசியில் ஈரல் கெட்டு, பகலவனுக்கு மீசை அரும்புவதற்குள் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் அம்மா கொளஞ்சியம்மாள் மகனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றச் சொன்னாள்.

"ஒரு சொட்டு உன் தொண்டைக்குக் கீழ எறங்கிச்சின்னா, நான் செத்தா எனக்கு நீ வாய்க்கரிசி போடக் கூடாது. தங்கச்சி போடட்டும். நீ தூர நின்னுக்கினு வேடிக்க பாரு. சொல்லு, சரின்னு சொல்லு."

கை சுட்டதில் அவன் கத்திய கத்தலையே சரி என்று எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பெண்மணி வாய்ப்பேச்சுக்குச் சொன்னாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓர் ஆட்டுக்குட்டி விவகாரத்தில் கூடப் பிறந்த அண்ணனோடு பேச்சை நிறுத்தியவள், அந்த ஆடும் செத்து, அதன் குட்டிகளும் செத்து, அண்ணனும் கிழவனான பிறகும் இன்னும் பேசவில்லை. கொளஞ்சியம்மாள் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் ஒயின் தோட்டங்களில் பகலவன் வெளியிலேயே நிற்பான். மற்ற ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். அவனுக்குப் பகலில் தூக்கம் வராது. சும்மா இருக்கப் பிடிக்காமல், விருந்தாளிகள் சுவைத்துவிட்டு வைத்த கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினான். அங்கேதான் வந்தது வினை. காலிக் கோப்பையின் அடியில் காயாமல் நின்ற ஒரு துளியிலிருந்து அப்படி ஒரு வாசனை எழுந்தது. குனிந்து முகர்ந்தான். சாராய நெடி குப்பென்று அடிக்கும் என்று பயந்துதான் முகர்ந்தான். அடித்ததோ, மழைக்காலத்தில் மரத்தடியில் நசுங்கிக் கிடக்கும் நாவல் பழத்தின் வாசனை. அம்மா தொண்டைக்குத்தான் சத்தியம் வாங்கினாள். மூக்குக்கு யாரும் வாங்கவில்லையே.

அன்றிலிருந்து மூக்குக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வாசனை இருந்தது. மாந்தோப்பு நடுவே ஒரு வயதான தம்பதி வெள்ளை ஒயின் போடுவார்கள். அதில் எலுமிச்சை இலையைக் கசக்கினாற்போல் ஒரு புளிப்பு மணம். கற்சரிவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தும் தோட்டத்தில் அதே திராட்சையில் போட்டது வேறு மாதிரி, கொஞ்சம் முரட்டுத்தனமாக, சுட்ட செங்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் இருக்கும். பெரிய கம்பெனிச் சரக்கு எந்த வருஷம் திறந்தாலும் ஒரே மாதிரிதான் என்று விருந்தாளிகள் பேசிக்கொள்வார்கள். சின்னத் தோட்டம் அப்படி இல்லை. மழை ஜாஸ்தியான வருஷம் நீர்த்துப்போகும், காய்ந்த வருஷம் கனத்துப்போகும், போட்டவனின் கவலையும் சேர்ந்து தெரியும். பகலவனுக்கு அது பிடித்திருந்தது. விவசாயக் கூலியின் வயிற்றில் பிறந்தவனுக்கு, மழை பெய்ததும் பொய்த்ததும் ஒரு கோப்பையில் தெரிகிறது என்றால் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

இந்த மூக்கும் நாக்கும் எங்கிருந்து வந்தன என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அம்மா கல்வராயன் மலைக்குப் புளி உலுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் கூலிக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போவாள். சோறு சாயங்காலம்தான். நடுவில் பிள்ளை அழுதால், கையில் அகப்பட்டதை வாயில் திணிப்பாள். நாவல், இலந்தை, களாக்காய், காட்டு நெல்லி, தேனடையில் ஒரு துண்டு. ஒன்றுமே இல்லாவிட்டால் கடுக்காயில் ஒரு கடி. அது வாயைப் பூட்டிவிடும், அழ முடியாது. பசியை ஏமாற்ற அவள் கொடுத்ததெல்லாம் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. அதை நினைத்தால் அவனுக்குக் கண் கலங்கும். பட்டினியில்கூட என் அம்மா எனக்கு இத்தனை ருசி கொடுத்திருக்கிறாளே என்று வேனைத் துடைத்துக்கொண்டே நினைத்துக்கொள்வான்.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள், ராஜாம்பாள் தோட்டத்துக்கு முதல்முறை போனபோது கோப்பைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தவனை அந்த அம்மாளே நிறுத்தினார். அவன் வயதுதான் இருக்கும், நாலைந்து வயது கூட இருக்கலாம். கணவர் ஊரில் வந்து திராட்சை போட்டு, கடன் உடன் பட்டு, சொந்தமாக ஒயின் எடுக்கத் தொடங்கியவர்.

"பேச்சப் பாத்தா நம்ம பக்கமா தெரியுது. எந்தூருங்க?"

"வடக்கனந்தல் பக்கங்க மேடம்."

"அடடே! எனக்குத் தியாகதுருகம். அங்க எங்கப்பாவுக்குக் கரும்புக் கொல்ல இருக்குது. வடக்கனந்தல்ல எந்தத் தெரு?"

பகலவன் கையிலிருந்த கோப்பைகளைக் கீழே வைத்தான். அந்தப் பக்கத்து நிலக்காரக் குடும்பங்களை அவனுக்குத் தெரியும். அவன் அப்பா அப்படிப்பட்ட வீடுகளின் கரும்புக் கொல்லையில்தான் கூலி வெட்டினார். தாகம் என்றால் வாசலுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குவித்த கைகளில் மேலிருந்து ஊற்றும் தண்ணீரைக் குடிப்பார்.

"காலனிங்க" என்றான்.

"செரி, கையக் கழுவிக்கினு வாங்க. பக்கோடா ஆறிடப் போவுது. மேடமெல்லாம் வேணாம், அக்கான்னு கூப்புடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதன் பிறகு அந்தத் தோட்டத்துக்கு வேன் போகும் நாளில் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான்.

ஒரு நாள் கோப்பையை முகர்ந்துகொண்டிருந்தபோது அக்கா பார்த்துவிட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார். நாவல், அப்புறம் கொஞ்சம் புதுமழை மண், கடைசியில் கடுக்காய் மாதிரி ஒன்று வரும்போலத் தோன்றுகிறது, ஆனால் அது வாயில் போட்டால்தான் தெரியும் என்றான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் அதேதான் தோணும், இங்க யாருக்குச் சொன்னா புரியும்? கடுக்கானு சொன்னா வயித்துவலியான்னு கேக்கறாங்க." அந்தச் சிரிப்பில் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

மாசி மாதம், அறுவடை தொடங்கும் முன், அக்கா தன் சொந்தக் கொடியில் எடுத்து, அதுவரை பீப்பாயிலிருந்து ருசிக்க மட்டும் கொடுத்துவந்த முதல் ஒயினைப் பாட்டிலில் அடைத்துத் திறந்தார். தெரிந்தவர்கள் சிலரை மட்டும் கூப்பிட்டிருந்தார். அவர்களில் பகலவனும் ஒருவன். அன்று அவனுக்கு லீவு. வண்டி இல்லை, பஸ்ஸில்தான் போனான். போகும்போதே திட்டம் போட்டுவிட்டான். ஒயின் ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. வாயில் வைத்துப் புரட்டிவிட்டு, மேசையோரம் இருக்கும் வாளியில் துப்பிவிடுவார்கள். பெரிய பெரிய மனிதர்கள்கூடக் கூச்சமில்லாமல் துப்புவதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். நாமும் துப்பிவிட்டால் தொண்டைக்குக் கீழே இறங்காது, சத்தியத்துக்கும் பங்கமில்லை என்று கணக்காகத்தான் போனான்.

மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கும் ஒரு நாற்காலி. அக்கா ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்து, அவன் முன்னால் நின்றார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, சற்றுக் குனிந்து நீட்டினார்.

"நீங்க மூந்து பாத்துச் சொன்னது நெசமான்னு இப்ப நாக்குல பாத்துச் சொல்லணும்."

வாங்கினான். ஒரு வாய் எடுத்துக்கொண்டான். முதலில் நாவலின் புளிப்பு, பின்னாலேயே ஈர மண், அப்புறம் ஈறு இறுகிப் பிடிக்கும் அந்தக் கடுக்காய்த் துவர்ப்பு. அம்மா தன் வாயைப் பூட்டிய அதே துவர்ப்பு, ஆனால் அடங்கின, பக்குவமான துவர்ப்பு. வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்தால் போதும்.

நிமிர்ந்து பார்த்தான். அக்கா அங்கேயே நின்றுகொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமைத்துப் போட்டுவிட்டு, முதல் கவளத்துக்கு என்ன சொல்வார்களோ என்று நிற்பவர்களின் முகம் அது. தியாகதுருகத்து நிலக்கார வீட்டுப் பெண் இரண்டு கையாலும் கொடுத்தது. காலனியிலிருந்து வந்தவன் அதை அவர் கண்ணெதிரே வாளியில் துப்புவதா? அவர்கள் ஊர்ப் பழக்கத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. துப்புவதுதான் இங்கே முறை என்று மூளை சொன்னது. வாய் கேட்கவில்லை. கன்னம் உப்பியபடி கொஞ்ச நேரம் தவித்தான்.

பிறகு விழுங்கிவிட்டான்.

உள்ளே போனபின், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் ஓர் இனிப்பு நின்றது. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்லதை ருசித்ததில்லை. அவ்வளவு பயந்ததும் இல்லை.

"நெசந்தாங்க்கா. கடுக்கா இருக்குது" என்றான். குரல் நடுங்கியது. அக்கா சந்தோஷத்தில்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். தமிழ் பேசும் விருந்தாளிகள் நிறைய வருகிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து ருசி சொல்ல ஓர் ஆள் வேண்டும், வேனை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுகிறீர்களா என்று கேட்டார். "எங்கம்மாவக் கேக்கணுங்க்கா" என்றான் நாற்பது வயதைத் தாண்டிய அந்த மனிதன். அக்கா சிரிக்கவில்லை. "கேட்டுட்டு வாங்க" என்றார்.

அன்றே சேலம் வழியாக ஊருக்குப் பஸ் ஏறினான். வீட்டில் அம்மா இல்லை. புளி உலுக்கும் காலம், மலைக்கு ஆள் ஏற்றிப்போன வண்டியில் போய்விட்டாளாம். விஷயத்தைக் கேட்ட மனைவி மலர்விழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு மடக்குதான? அத்தகிட்ட சொல்லாத உட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே. நாளைக்கு அரிசியக் கையில எடுக்கறப்ப எனக்குத் தெரியுமே மலரு."

மலர்விழி எழுந்தாள். மைத்துனனின் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மலைமேல், கரியாலூரைத் தாண்டி ஒரு புளியந்தோப்பில் பெண்கள் உட்கார்ந்து புளியம்பழத்தின் ஓட்டைக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாள் மகனைக் கண்டதும், வேளைகெட்ட வேளையில் வந்திருக்கிறான் என்றால் ஏதோ விபரீதம் என்று எழுந்து வந்தாள். மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒன்றும் மறைக்காமல் சொன்னான். அவள் கையிலிருந்த கட்டையை ஓங்கிவிட்டாள். அடி விழவில்லை. கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அப்பன் போன வழியிலயே போறதுக்குத்தான் உன்ன வளத்தனா?"

"நான் குடிக்கலம்மா. துப்பத்தான் நெனச்சேன். முடியல. குடுத்தவங்க எதுர்லயே நின்னுக்கினு இருந்தாங்க."

"யாரு குடுத்தா?"

சொன்னான். தியாகதுருகம் என்றதும் கொளஞ்சியம்மாளின் முகம் மாறியது.

"எப்பிடிக் குடுத்தாங்க?"

"ரெண்டு கையாலயும்."

"நீ நின்னுக்கினு இருந்தியா?"

"இல்லம்மா. நாற்காலில உக்காந்திருந்தேன்."

"அவங்க?"

"அவங்க நின்னுக்கினுதான் குடுத்தாங்க."

"நீ உக்காந்திருந்த. அவங்க நின்னாங்க."

"ஆமாம்மா."

கொளஞ்சியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை வைத்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. மறுபடி பேசியபோது அவள் பேச்சு மகனைப் பற்றியதாக இல்லை.

"உங்கப்பன ஒரு நாளாவது யாராவது உக்கார வெச்சு ஒரு வாய்த் தண்ணி குடுத்திருப்பாங்களாடா? மறைஞ்சு மறைஞ்சு, மடக்கு மடக்குனு ஊத்திக்கினே போய்ட்டான். நாக்குல வெச்சு ருசி பாக்க அவன யாரு உட்டா?"

பகலவன் கீழே கிடந்த கட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். சத்தியத்தைப் பற்றிய பேச்சு மிச்சம் இருந்தது. அதையும் அவளே எடுத்தாள்.

"முடியல முடியலன்னு நீ சொல்ற. நெசமான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? என்ன அங்க கூட்டிக்கினு போ. அந்தம்மா அதே மாரி எனக்கும் குடுக்கட்டும். சாராயம் கலக்காதது எதுனா. நான் வாயில வெச்சித் துப்பிப் பாக்கறேன். என்னால துப்ப முடிஞ்சிதுன்னா உன்னாலயும் முடிஞ்சிருக்கும். அப்ப நீ பொய் சொல்ற, உன் தங்கச்சிதான் எனக்கு அரிசி போடுவா."

சொன்னால் சொன்னதுதான்.

அறுவடை நடக்கும்போது அழைத்துப் போனான். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலைகூடப் போடாமல் வந்தாள். பகலவன் வழி நெடுக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். தன் அம்மாவை அவனுக்குத் தெரியும். மனதைக் கல்லாக்கிக்கொண்டால் எதையும் துப்பிவிடக்கூடியவள். ராஜாம்பாள் அக்காவிடம் அம்மா குடிக்க மாட்டாள் என்று மட்டும் சொல்லியிருந்தான். பரீட்சையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதைச் சொல்லிவிட்டால் பரீட்சை பரீட்சையாக இருக்காது.

தோட்டமெங்கும் திராட்சை வாசனை. பந்தலின் கீழே மேசை, விருந்தாளிகள் சிலர், ஓரத்தில் அந்த வாளி. அக்கா ஓடிவந்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கொளஞ்சியம்மாள் நாற்காலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நுனியில்தான் முதலில் உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

அக்கா உள்ளே போய் ஒரு கோப்பையோடு வந்தார். இரண்டு கையாலும் நீட்டினார். "இன்னிக்கிப் புழிஞ்ச சாறும்மா. வெறும் பழம். போதைன்னு ஒண்ணும் இல்ல, நம்பிக் குடிங்க. எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க."

கொளஞ்சியம்மாளும் இரண்டு கையால் வாங்கினாள். வாய் நிறைய எடுத்துக்கொண்டாள். எழுந்தாள். நேராக வாளியை நோக்கி நடந்தாள். விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பகலவன் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான், மூட முடியவில்லை. அவள் வாளியின் மேல் குனிந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

அக்கா கோப்பையைக் கொடுத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன தப்பு செய்தோம் என்று அந்த முகம் வாடத் தொடங்கியிருந்தது.

கொளஞ்சியம்மாள் தலையைத் திருப்பி அந்த முகத்தைப் பார்த்தாள். அப்படியே குனிந்த வாக்கில் நின்றாள். ஒரு கை வாளியின் விளிம்பைப் பிடித்திருந்தது. மெதுவாக நிமிர்ந்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் காலனிக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"என்னாலயும் முடியலடா. எனக்கு வாய்க்கரிசி நீதான்டா போடணும்."

விருந்தாளிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பகலவன் வாளி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர் எதிரே நின்றார்கள், இருவரில் யாரை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் அழுதான்.

"இனிமேப்பட்டு துப்பிப் பழகு. வேலைன்னு வந்துட்டா துப்பித்தான் ஆவணும்" என்று அவனை அதட்டினாள் அம்மா.

"இன்னாம்மா ஆச்சு? சாறு நல்லா இல்லயா?" என்று பதறிப்போய்க் கேட்டார் ராஜாம்பாள்.

கொளஞ்சியம்மாள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கோப்பையை நீட்டினாள்.

"நல்லா இருக்குதும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து."